குவாரிப் பாதையில் ஒரு எக்ஸ்ரேயைத் தேடி

காய்ச்சல் விட்டு ஒரு மாதமாகியும் இருமல் விடவில்லை. அதற்காகத்தான் புத்தளத்தில் ஒரு பெண் டாக்டரிடம் போனேன். என் மகளின் வயதுதான் அவருக்கு இருக்கும். நெஞ்சை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படம் வந்ததும் அதை வெளிச்சத்தில் மாட்டி, இடது நுரையீரலின் மேல்பக்கம் ஓரிடத்தைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். புளியங்கொட்டை அளவில் ஒரு வெள்ளைப் பொட்டு.

இதற்கு முன் எப்போதாவது படம் எடுத்திருக்கிறீர்களா என்று சிங்களத்தில் கேட்டார். நான் இருபத்திரண்டு வருடம் அருவக்காட்டுச் சுண்ணக்கல் குவாரியில் பாறைக்குத் துளை போடும் மெஷின்களுக்குப் பக்கத்தில் நின்றவன் என்று சொன்னேன். வருடத்துக்கு ஒரு தடவை எக்ஸ்ரே வண்டி குவாரிக்கே வந்து எங்கள் எல்லாரையும் படம் பிடிக்கும், பொட்டு என்று யாரும் ஒன்றும் சொன்னதில்லை. அப்படியென்றால் பழைய படம் ஒன்றைத் தேடிக்கொண்டு வாருங்கள் என்றார். பொட்டு அன்றைக்கும் இதே அளவில் இருந்திருந்தால் அது ஆறிப்போன வடு, பயப்பட ஒன்றுமில்லை. இல்லாவிட்டால் கொழும்புக்குப் போய், ஊசியால் அதில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும். அன்று திங்கட்கிழமை. வியாழக்கிழமை வரச் சொன்னார்.

வெளியே வந்ததும் என் மனைவி, "என்ன சொன்னா?" என்று கேட்டாள். அவளும் என் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தாள். அவளுக்குச் சிங்களம் என்னைவிட நன்றாக வரும். நான் வேறு விதமாக ஏதாவது சொல்லக்கூடும் என்று நினைத்திருக்க வேண்டும்.

வீட்டில் பழைய படம் ஒன்றும் இல்லை. கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தவை ஒரு வெள்ளத்தில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிப்போக, அவள்தான் எடுத்து எறிந்தாள். "நான் எறிஞ்சிரிக்கக் கூடாது" என்று அன்று பின்னேரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். எறியாமல் வைத்திருந்தாலும் ஒட்டிப்போன படங்களில் எதுவும் தெரிந்திருக்காது என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடியச் சுபஹு தொழுதுவிட்டு என் திரீவீலரைக் கிளப்பினேன். குவாரி வேலையை விட்டு நின்றபிறகு அதுதான் என் தொழில். மனைவி தண்ணீர்ப் போத்தலோடும் ரொட்டிப் பார்சலோடும் பின்னால் ஏறிக்கொண்டாள். வேண்டாமென்று நான் சொல்லவில்லை. குவாரியில் மருந்தறையைப் பார்த்துக்கொண்டவர் காரைத்தீவில் இருக்கிறார். அவரிடம் கேட்டால் தெரியும் என்பதுதான் எங்கள் ஒரே யோசனை.

அவர் வீட்டு முற்றத்தில் வலை உலர்ந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் அடையாளம் கண்டுகொண்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"மருந்தறைய மூடக்குள்ள எல்லார்ட படத்தையும் அவங்கவங்க கையில குடுத்தன்" என்றார். "நீங்க அண்டைக்கு லீவு. உங்கட கவர உங்கட கூட்டாளிக்கிட்டக் குடுத்துவிட்டன். அவர் தரல்லியா, நாநா?"

என் மனைவி என்னைப் பார்த்தாள்.

அந்தக் கூட்டாளியும் நானும் ஒரே மெஷினில் பத்து வருடம் நின்றவர்கள். அவன் கங்கேவாடியைச் சேர்ந்த கத்தோலிக்கன். சிங்களமும் தமிழும் கலந்து பேசுவான். ஒரே பெட்டியில் சோறு தின்றோம். பிறகு வேலையாட்களை மேற்பார்க்கிற ஓவசியராக என்னை ஆக்கினார்கள். ஒரு மத்தியானம் அவன் மெஷினுக்குப் பின்னால் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். நான் அதை எழுதிக் கொடுத்தேன். இரண்டு கிழமை அவனை வேலைக்கு வர வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். அவனுடைய மகள் காய்ச்சலில் கிடந்ததும், மூன்று நாளாக அவன் கண் மூடவில்லை என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்த பிறகும் நான் அவனிடம் போகவில்லை. அவனும் வரவில்லை. நாங்கள் கதைக்காமல் இருந்தது மருந்தறைக்காரருக்குத் தெரியாது. கதையை விட்டுப் பதினான்கு வருடம்.

"வீட்டுக்குப் போவம். அவன் அத எப்பவோ எரிச்சிருப்பான்" என்றேன்.

"எரிச்சதா இல்லியாண்டு அவருக்கிட்டக் கேப்பம்" என்றாள் மனைவி. "நீங்க வண்டியிலயே இருங்க. நான் இறங்கிக் கேக்குறன்."

சேராக்குளி தாண்டியதும் தார் பாதை முடிந்து செம்மண் தொடங்கியது. ஒரு காலத்தில் கல் ரயில் ஓடிய தண்டவாளம் பற்றைக்குள் போய்ப் போய் வெளியே வந்தது. தொழிலாளர்கள் நாங்கள் தங்கியிருந்த குவார்ட்டர்ஸ் வரிசைக்குக் கூரை இல்லை. சுவர்களுக்குள் வேலிமரங்கள் முளைத்திருந்தன. எங்கள் கன்டீன் இருந்த இடத்தில் யானை லத்தி கிடந்தது, இன்னும் ஈரம் காயவில்லை. நான் வேகத்தைக் கூட்டினேன். பழைய குழி ஒன்றின் ஓரமாகப் பாதை வளைந்தது. நாங்கள் வெட்டிய குழி அது. அடியில் மழைத்தண்ணீர் பச்சையாக நின்றது, கொக்குகள் இறங்கியிருந்தன. மனைவி குவாரியை ஒருநாளும் பார்த்ததில்லை.

"இவ்வளவயுமா வெட்டின நீங்க?" என்றாள்.

"ஓம்."

"அப்ப நெஞ்சில ஒரு பொட்டோட விட்டது பெரிய விஷயம்தான்."

கங்கேவாடியில் கலா ஓயாக் கரையோரம் அவன் வீடு. வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கம் சுரண்டிக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. நான் இறங்கவில்லை. மனைவி போய் ஏதோ சொன்னாள். அவன் காதைத் திருப்பிக் காட்டினான். மெஷின் சத்தத்தில் அவனுக்கு ஒரு காது போய்விட்டதாக முன்பே கேள்விப்பட்டிருந்தேன். அவள் மறுபடியும் சொல்ல, அவன் நிமிர்ந்து திரீவீலரைப் பார்த்தான். அதற்குமேல் நான் உள்ளே இருப்பது சரியில்லை.

இறங்கிப் போய், "மச்சான், அண்டைக்கு நான் செஞ்சது பிழை" என்றேன்.

"ஆ?"

"நான் செஞ்சது பிழை எண்டன்."

அவன் கையைக் காதருகே வைத்தான். பதினான்கு வருடமாகச் சொல்லாததை நான் மூன்றாவது தரம் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. ஆற்றின் அக்கரையில் இறால் வலை கட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவனுடைய மனைவி குசினி வாசலுக்கு வந்து நின்றாள்.

"முதல் தரமே கேட்டது" என்றான் அவன். சிரிக்கவில்லை. ஆனால் கையிலிருந்த சுரண்டியைக் கீழே வைத்தான். "படம் இருக்கு. வா."

உள்ளே அலுமாரியைத் திறந்து, மடித்த சாரங்களுக்குக் கீழேயிருந்து பழுப்புக் கவர் ஒன்றை எடுத்தான். என் பெயரும் வேலை இலக்கமும் அதில் இருந்தன.

"கோவத்தில கொண்டாந்து தரல்ல. எறியவும் மனம் வரல்ல" என்றான். "சூரிய கிரகணம் வந்த நேரம் ஒருக்கா எடுத்தம். உன்ட நெஞ்செலும்புக்குள்ளாலதான் இந்தக் கரை முழுக்கச் சூரியனப் பாத்தது."

என் மனைவி கவரை வாங்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். படத்தை இரண்டு கையாலும் வானத்துக்குப் பிடித்தாள். விரல்ரேகைகளும் கீறல்களும் நிறைய இருந்தன. விலாவெலும்புகளுக்கு நடுவே, இடது பக்கம், மேலே, அந்தப் புளியங்கொட்டை இருந்தது.

"இருக்கு" என்றாள். பிறகு தரையிலேயே இருந்துவிட்டாள். அவனுடைய மனைவி ஓடிவந்து அவளைப் பிடித்தாள். என்ன விஷயமென்று அவர்களுக்கு அப்போதுதான் முழுதாகச் சொன்னோம். ஒரு வியாதிப் பொட்டைக் கண்டு யாராவது இப்படிச் சந்தோஷப்படுவார்களா என்று அவன் கேட்டான்.

போக விடவில்லை. சோறாக்கி, மீன் பொரித்தார்கள். அன்று காய்ச்சலில் கிடந்த மகள் இப்போது சிலாபத்தில் பள்ளிக்கூட ரீச்சராக இருக்கிறாளாம். போனில் படத்தைக் காட்டினான். அந்தத் தூக்கத்தைப் பற்றி அதற்குமேல் இருவரும் கதைக்கவில்லை. யானை இறங்குமுன் எழுவன்குளம் பாதையால் போய்விடும்படி சொல்லி, வெயில் இருக்கும்போதே எங்களை அனுப்பினான்.

வியாழக்கிழமை டாக்டர் இரண்டு படங்களையும் பக்கம் பக்கமாக மாட்டினார். சிறு அளவுகோல் ஒன்றை வைத்து இரண்டிலும் அளந்தார். நான் அவருடைய முகத்தைப் பார்க்காமல் மேசையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இளவயதில் உங்களுக்கே தெரியாமல் ஏதோ சளிநோய் வந்து தானாக ஆறியிருக்கிறது, இத்தனை வருடத்தில் இது ஒரு துளியும் வளரவில்லை, கொழும்புக்குப் போகத் தேவையில்லை என்றார். இருமலுக்கு ஒரு பாணி மருந்து எழுதித் தந்தார். பழைய படத்தில் ஏன் இத்தனை கைரேகை என்று கேட்டார். கிரகணக் கதையை மனைவி சொன்னாள். டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

வெளியே வந்து மச்சானுக்குப் போன் பண்ணினேன். இந்தத் தடவை அவன் உண்மையாகவே கேட்காமல் "ஆ? ஆ?" என்றான். பக்கத்துக் கடைக்காரருக்கும் கேட்கிற மாதிரி, ஒன்றுமில்லையாம் என்று கத்தினேன்.

வண்டியில் ஏறியதும் மனைவி அல்ஹம்துலில்லாஹ் என்றாள். புத்தளம் டவுனில் கொழும்பு முக வீதியைத் தாண்டும்போது கண்ணாடியில் பார்த்தேன். முக்காடு ஒருபக்கம் சரிய, வாய் சற்றுத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தாள். திங்கள் முதல் அவள் சரியாகத் தூங்கியிருக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும் சந்தியில் நான் திருப்பவில்லை. களப்புத் தண்ணீரோரப் பாதையில் உப்பளம் வரைக்கும் மெதுவாக ஓட்டிப்போய், பள்ளம் மேடு பார்த்து, அவள் விழித்துவிடாதபடி திரும்பி வந்தேன்.