பல்பாகிப் போன கத்தரிக்காய்

அந்தத் தடவை ஊராட்சித் தேர்தலில் எங்கள் வார்டைப் பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். தெரு ஆம்பளைகள் நாலைந்து பேர் வந்து கூடத்தில் உட்கார்ந்து, காபியைக் குடித்து முடித்துவிட்டு, "அக்கா, மெம்பருக்கு ஒங்க பேரைத்தான் குடுக்கப் போறோம்" என்றார்கள். கேட்கவில்லை, சொன்னார்கள். நான் உடனே தலையாட்டிவிடவில்லை. "கொல்லைப்பக்க வடிகாலை வெட்ட முடியுமா?" என்று கேட்டேன். மெம்பரானால் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம், தீர்மானம் போட வைக்கலாம் என்றார்கள். அதற்காகத்தான் ஒத்துக்கொண்டேன். வேறு எதற்கும் இல்லை.

வயல் தண்ணீரும் தெருத் தண்ணீரும் அந்த வடிகால் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதுவோ மண் தூர்ந்து, ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தது. ஐப்பசி மழை நாலு நாள் பிடித்தால் போகிற தண்ணீர் திரும்பி வரும். கொல்லை ரொம்பும், அப்புறம் அடுப்படி. கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு எத்தனையோ வருஷம் சோறு வடித்திருக்கிறேன். நட்ட பயிர் மூழ்கி அழுகினால் ஒரு நாற்றம் வரும். அது புடவையை விட்டுப் போகாது. தண்ணீர் இறைத்து இறைத்தே வயசாகிவிட்டது எனக்கு.

எனக்கு எதிராக நின்றது வெளியாள் இல்லை, என் ஓரகத்தி. என் வீட்டுக்காரரின் தம்பி பெண்டாட்டி. ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்து இரண்டு குடும்பமாக இருக்கிறோம். தெருவைப் பார்த்த சுவரில் பாதி எனக்கு, பாதி அவளுக்கு. அவளை வேறு நாலு ஆம்பளைகள் வந்து காபி குடித்து நிறுத்தினார்கள்.

ஒன்றிய ஆபீஸில் சின்னம் கொடுத்தார்கள். எனக்குக் கத்தரிக்காய், அவளுக்கு பல்பு. ஒரே பஸ்ஸில் திரும்பி வந்து இறங்கும்போதே அவள் ஆரம்பித்தாள்.

"அக்கா, நீங்க கொழம்பைப் பாத்துக்கங்க, வெளிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

"கரண்டு இருந்தாத்தானடி ஒனக்கு வெளிச்சம்? கொழம்புக்குக் கரண்டு வேணாம், போ" என்றேன்.

அவள் பையன் சிங்கப்பூரில் இருக்கிறான். அங்கிருந்தே ஏற்பாடு செய்து தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டான். ஃப்ளெக்ஸ் முழுக்க அவள் முகம். பட்டுப்புடவை, கும்பிட்ட கை. பல்பு எங்கே என்று தேட வேண்டும், கீழே மூலையில் ஒரு பொட்டு மாதிரி இருந்தது. எனக்கு அப்படி முகம் காட்டுவதில் இஷ்டமில்லை. சுவரில் சின்னம் வரைந்தால் போதும் என்றேன். சுவர் எழுதுகிறவரோ தலைவர் பதவிக்கு நிற்பவர்களிடம் மாட்டிக்கொண்டார். வார்டு மெம்பருக்கெல்லாம் அவர் எப்போது வருவார்? நானே வரைகிறேன் என்றேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வாசல் நிறையக் கோலம் போட்ட கை. ஒரு கத்தரிக்காய்க்கா ஆள் தேட வேண்டும்?

என் மருமகள் போனில் ஒரு வீடியோ தேடிக் காட்டினாள். சின்னப் பிள்ளைகளுக்கு வரையச் சொல்லிக்கொடுப்பது. ஒரு கை மட்டும் வந்து வரைகிறது, ஆளைக் காணோம்.

"மொதல்ல ஒரு முட்டை போடணும் அத்தை. கீழ பெருசா, மேல போகப் போக ஒடுங்கி."

போட்டேன்.

"அதுக்கு மேல தொப்பி. அப்பறம் தொப்பிக்கு மேல காம்பு. கடைசியா ஊதா கலர் அடிக்கணும்."

"ஊதாவுக்கு எங்கடி போறது?"

வீட்டில் இருந்தது ஜன்னல் கம்பிக்கு அடித்த கறுப்பு பெயிண்ட், அதுவும் அடி டப்பா. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, அதன் மேல் கறுப்பிலேயே கோடு இழுத்தேன். கோலம் என்றால் குனிந்து போடுவது, மாவு விரலிலிருந்து தானாக இறங்கும். சுவர் அப்படி இல்லை. கையைத் தூக்கிக்கொண்டே நிற்க வேண்டும், பெயிண்ட் முழங்கை வரை வழியும். பிரஷ் தட்டை, அது வளைய மாட்டேன் என்றது. அதனால் தொப்பி பட்டையாக வந்தது. காம்பை நேராக மேலே இழுத்துவிட்டேன், தூரத்திலிருந்து தெரியட்டும் என்று. உள்ளே வெறும் வெள்ளையாக இருந்தது மனசுக்கு ஒப்பவில்லை. எங்கள் கொல்லையில் காய்ப்பது வரிக்கத்தரி. நாலு வரி நெளித்துவிட்டேன்.

"வீடியோவுல வரி இல்லையே அத்தை" என்றாள் மருமகள்.

"வீடியோக்காரிக்கு எங்க வீட்டுக் காயைப் பத்தி என்ன தெரியும்?" என்றேன்.

எங்கள் தெரு, கீழத்தெரு, கோயில் பின்சுவர் எதிரே இருக்கும் வீடுகள் என்று கேட்டுக் கேட்டு வரைந்தேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ராத்திரி படுத்தால் வலது தோள் என்னுடையது மாதிரி இருக்காது. என் வீட்டுக்காரர் தைலத்தைத் தேய்த்துவிட்டு, "மெம்பராகறதுக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போயிடுவே போலருக்கு" என்பார்.

எங்கள் வீட்டுச் சுவரைத்தான் கடைசியாக வைத்துக்கொண்டேன். வரைந்து முடித்து பிரஷைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஓரகத்தி வெளியே வந்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ரொம்ப சந்தோசம்க்கா. எனக்கு எழுத ஆளே கெடைக்கல. நீங்களே எல்லாச் சொவத்துலயும் எழுதிக் குடுத்துட்டீங்க."

வயிற்றெரிச்சல் என்று நினைத்தேன். உள்ளே போய்விட்டேன். அப்புறம் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தேன். மேலேயிருந்து ஒயர் தொங்குகிறது. அதன் கீழே ஹோல்டர். அதற்குக் கீழே கண்ணாடி, கண்ணாடிக்குள் நெளிநெளியாகக் கம்பி. ஃப்ளெக்ஸில் பொட்டளவு இருந்த பல்பை ஊர் முழுக்க ஆள் உயரத்துக்கு நான் வரைந்து வைத்திருந்தேன்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. கோலத்துக்குத் தலை கால் கிடையாது. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் கோலம் கோலம்தான். சுவரில் எழுதினால் மேல் கீழ் வந்துவிடுகிறது. காம்பு மேலே போனால் அது தொங்குகிறது.

ஒவ்வொரு சுவராகப் போய்ச் சரி செய்யப் பார்த்தேன். சுண்ணாம்பு மேலே அடித்தால் கறுப்பு கசிந்து வந்தது. தொப்பியில் முள் வைத்தேன், பல்பைச் சுற்றிக் கதிர் அடிக்கிற மாதிரி ஆயிற்று. கடைசியில் கீழே 'கத்தரிக்காய்' என்று எழுத்துக் கூட்டி எழுதினேன். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை, வாக்குச்சீட்டைப் பார்த்தாலே தெரியும். தெரியாதவர்களுக்கு எழுதி என்ன பிரயோஜனம்? அவர்கள்தான் எனக்கு ஓட்டுப் போடுகிறவர்கள், தண்ணீர் முதலில் அவர்கள் வீட்டுக்குள்தான் போகும்.

வரையக் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகுதான். கொல்லையில் ஒரு காயைப் பறித்து முறத்தில் போட்டேன். அது எங்கே நிற்கிறது? சாய்ந்து படுத்துக்கொண்டது. படுத்த காயைச் சுற்றிக் கோலமாவால் புள்ளி வைத்தேன், வயிற்றுக்கு, கழுத்துக்கு, காம்பு வளைகிற இடத்துக்கு. வயிற்றிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. காம்பிலிருந்து வர வேண்டும். காம்பு வளைந்து வந்து, விரல் விரித்த மாதிரி காயைப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பிடி வந்துவிட்டால் மற்றது தானாக வரும். சுவரில் இடமில்லை, கொஞ்சம் பெயிண்ட்தான் மிச்சம். வயலில் இருக்கும் எங்கள் மோட்டார் கொட்டகைச் சுவரில் ஒன்றே ஒன்று வரைந்தேன். பார்த்தவுடன் பறிக்கலாம் போல இருந்தது. அந்தப் பக்கம் கொக்குதான் வரும். அன்று சாயந்திரத்தோடு பிரசாரம் முடிந்தது.

ஓட்டுப் போட்டுவிட்டு வந்த கடைசி வீட்டு அம்மா, என்னைவிட மூத்தவள், ஒரு கையில் கோலை ஊன்றிக்கொண்டு மறு கையால் என் கன்னத்தைத் தடவினாள்.

"கண்ணு சரியாத் தெரியலடி. ஆனா தேடி எடுத்துட்டேன். சொவத்துல இருந்த அதே படம். ஒன் பல்புலதான் நல்லா அழுத்திக் குத்தினேன்."

"நல்லதும்மா, வெயில்ல நிக்காதீங்க" என்றேன்.

அவள் மட்டும் இல்லை. எண்ணி முடித்தபோது ஓரகத்திதான் மெம்பர். அவள் வாசலில் வெடி வெடித்தது. புகை பாதி என் பக்கம்தான் வந்தது.

வடிகால் அப்படியே கிடந்தது. கேட்க வேண்டுமென்றால் அவளிடம்தான் கேட்க வேண்டும். அடுத்த வாசல்தான். போய்ச் சேர எனக்குத் தை முடிந்து மாசி ஆயிற்று.

"வாங்கக்கா. காபி போடவா?"

"காபி வேணாம். ஒனக்கு விழுந்ததுல என் ஓட்டு கெடக்கு. அதுக்காவது வடிகாலை வெட்டு."

"எது ஒங்க ஓட்டு?"

"கடைசி வீட்டு அம்மாவைக் கேளு."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். பிறகு நிறுத்திக்கொண்டாள். "எங்கிட்டயும் வந்து சொன்னிச்சுக்கா. 'கோவிச்சுக்காதடி, ஒனக்குப் போடல, பெரியவளுக்குத்தான் பல்புல போட்டேன்'னு."

காபி போட்டாள், குடித்தேன்.

அவள் கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து கேட்டாள் என்று சொன்னார்கள். ஆளைப் பிடித்து, எந்திரம் கொண்டுவந்து வெட்டவும் வைத்தாள். வடிகால் ரோட்டைத் தாண்டுகிற பாலம் வரை வெட்டினார்கள். அதற்கு அந்தாண்டை வேறு வார்டாம், வேறு ஆபீஸாம். போன ஐப்பசி மழையில் தண்ணீர் எங்கள் கொல்லையைத் தாண்டி நன்றாகத்தான் ஓடியது. பாலத்தடியில் போய் நின்றுகொண்டது. அடுப்படிக்கு வர முன்னைவிட இரண்டு நாள் அதிகம் எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

இப்போது மறுபடி தேர்தல் பேச்சு வந்திருக்கிறது. மழை விட்ட ஒரு காலையில் நானும் அவளும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"என்னால முடியலக்கா. நடந்து நடந்து முட்டி போச்சு. இந்தத் தடவை நீங்க நில்லுங்க. பாலத்துக்கு அந்தாண்ட வெட்டச் சொல்லி நீங்க கேளுங்க."

"எனக்கு மட்டும் முடியுதாடி?"

"சின்னமாவது வேற கேட்டு வாங்குங்க. கத்தரிக்காய் வேணாம்."

"கத்தரிக்காய்தான் வேணும்" என்றேன். "இப்பத்தான் வரையத் தெரியும்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அப்ப நம்ம வாசச் சொவத்துல என் பாதியையும் எடுத்துக்கங்க" என்றாள்.

அந்தச் சுவர் முழுவதையும் நினைத்தேன். தோள் இப்போதே வலிக்க ஆரம்பித்தது.