சூரிய அடுப்பும் பசியோடு நின்ற ஆடுகளும்

யாரும் கூப்பிடாத வீட்டுக்குப் போய், யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லி, அதற்குச் சம்பளமும் வாங்குகிற வேலை ஒன்று உலகத்தில் உண்டு. அதற்குப் பெயர் விரிவாக்கப் பணி. மைக்கைப் பிடித்துக்கொண்டு "கொஞ்சம் அமைதியா இருங்க" என்று கெஞ்சியவர்கள், ஐம்பது நாற்காலி போட்டு மூன்று பேருக்குச் சொற்பொழிவு நடத்தியவர்கள், அந்த மூவரில் ஒருவர் நாற்காலியைத் திரும்ப எடுத்துப் போக வந்தவர் என்று பிறகு தெரிந்துகொண்டவர்கள், நீங்களெல்லாம் என் இனம். உங்களுக்குத்தான் என் வயிற்றெரிச்சல் புரியும்.

எண்பதுகளின் தொடக்கம். ஹோம் சயின்ஸ் படித்து முடித்த கையோடு பல்கலைக்கழகத்தின் சமூக மையம் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. மையம் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில் ஒரு வாடகை அறை, ஒரு பழைய வேன், அதை ஓட்ட ரஃபீக் பாய், ஊருக்கு அறிவியலும் உணவும் சுற்றுச்சூழலும் சொல்லிக்கொடுக்க நான். ஒரு வருஷம் நடத்திப் பார்ப்பது. வருஷ முடிவில் எங்கள் பேராசிரியர் நேரில் வந்து ஜனங்களிடமே விசாரிப்பது. யாரும் எதுவும் கற்றுக்கொள்ளவில்லை என்றால் இழுத்து மூடுவது. இதுதான் ஏற்பாடு.

மூடினால் எனக்கு வந்தவாசியில் கல்யாணம். அப்பா தெளிவாகச் சொல்லியிருந்தார்: "வேலை இருக்கிற வரைக்கும் இரு. முடிஞ்சா நேரா வீட்டுக்கு வந்துடு, மாப்பிள்ளை ரெடி." மாப்பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அரிசி மில் வைத்திருந்தார், மரியாதையாகப் பேசினார். எனக்குத்தான் அந்த வயதில் மில்லைவிட வேன் பிடித்திருந்தது.

கண்ணாடிப் பெட்டி

முதல் நிகழ்ச்சி தேரடி வீதியில், சூரிய அடுப்பு. உள்ளே கறுப்புப் பெயிண்ட் அடித்த பெட்டி, அதன் மூடியின் உள்பக்கம் முகம் பார்க்கும் கண்ணாடி. மூடியைத் தூக்கி நிறுத்தினால் கண்ணாடி வெயிலை வாங்கிப் பெட்டிக்குள் தள்ளும். விறகு வேண்டாம், கிரசின் வேண்டாம், சோறு தானாக வெந்துவிடும். காலை பத்து மணிக்கு அரிசியை வைத்துவிட்டு, "சரியா ஒரு மணிக்கு வாங்க, எல்லாரும் சாப்பிடலாம்" என்று மைக்கில் வீறாப்பாக அறிவித்தேன். திருவண்ணாமலை வெயிலை நம்பித்தான் சொன்னேன். வெயில் என்னைக் கைவிடவில்லை.

கைவிட்டது கண்ணாடிதான். முதலில் ஒரு பூக்காரம்மா வந்து குனிந்து பொட்டைச் சரி செய்துகொண்டார். அடுத்து இரண்டு பெண்கள் ரிப்பனை அவிழ்த்துப் பின்னல் போட ஆரம்பித்தார்கள். ஒரு பஸ் கண்டக்டர் மீசையை முறுக்க வந்தவர், முறுக்கி முடிக்கவே இல்லை. எல்லார் தலை நிழலும் பெட்டியின் மேல். "வெயில மறைக்காதீங்க" என்று நான் கத்த, "இதோ ஆச்சு டீச்சர்" என்று பதில் வந்துகொண்டே இருந்தது. ரஃபீக் பாய் உதவி செய்கிறேன் என்று "வரிசையா வாங்க, எல்லாருக்கும் கண்ணாடி உண்டு" என்றார். கூட்டம் இன்னும் ஜாஸ்தியானது.

ஒரு மணிக்குத் திறந்து பார்த்தால் அரிசி சுகமாக ஊறியிருந்தது. அன்றைய ரிப்போர்ட்டில் "பொதுமக்கள் ஆர்வத்துடன் கலந்துகொண்டனர்" என்று எழுதினேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே. நாங்கள் வேனில் ஏறும்போது பூக்காரம்மா ஓடிவந்து ஒரு முழம் பூவை என் கையில் கொடுத்துச் சொன்னார்: "கண்ணாடி ரொம்ப நல்லா காட்டுதும்மா. அதுக்குக் கீழ எதுக்கு அரிசிய நனைச்சு வெச்சிருக்கீங்க?"

எல்லம்மா வீட்டுப் புகை

வேங்கிக்கால் அப்போது வயலும் ஏரியுமாகக் கிடந்த கிராமம். அங்கே எல்லம்மா என்று ஒரு விவசாயி. நாற்பது வயதிருக்கும், வாய் மட்டும் நாலு பேருக்குக் காணும். அவர் வீட்டுச் சமையல்கட்டில் இரண்டு நாள் மண் குழைத்துப் புகையில்லா அடுப்பு கட்டிக்கொடுத்தோம். புகை எல்லாம் குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போனது. எல்லம்மா மோர் கொடுத்து வழியனுப்பினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு மாதம் கழித்துப் போட்டோ எடுக்கப் போனால், குழாயின் வாயில் களிமண்ணை அடைத்து, அதன் மேல் ஓட்டைச் சட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்திருந்தார். சமையல்கட்டு முழுக்கப் புகை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. கண்ணுக்குக் கெடுதல், நெஞ்சுக்குக் கெடுதல் என்று படித்ததையெல்லாம் கொட்டினேன். எல்லம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு மேலே கையைக் காட்டினார். கூரையில் விதைக்குக் கட்டித் தொங்கவிட்ட சோளக்கதிர். புகை நின்ற ஒரே மாதத்தில் வண்டு விழுந்து, கீழே மாவாகக் கொட்டிக் கிடந்தது. என் பாடப் புத்தகத்தில் அந்தச் சோளத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. நான் அசடு வழிந்தேன்.

கடைசியில் வழி சொன்னதும் அவர்தான். தினமும் குழாயைத் திறந்து சமைப்பது. வாரத்தில் ஒரு நாள் மட்டும் அடைத்துவிட்டு, புகையைக் கூரைக்குக் கொடுத்துவிட்டு எல்லாரும் கழனிக்குப் போய்விடுவது. நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். வாசல்வரை வந்து எல்லம்மா சொன்னார்: "கண்ணுக்கு நல்லதுன்றே, தெறந்து வெக்கிறேன். ஆனா வண்டு வந்துச்சுன்னா உன்னத்தான் கூப்பிட்டு அனுப்புவேன், வந்து கையால பொறுக்கிப் போடணும்."

ஒரு சொட்டுத் தண்ணி

கார்த்திகை தீபத்துக்கு ஊர் நிரம்பி வழிகிற சமயம். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மைக்ராஸ்கோப்பை வைத்து, குட்டைத் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து விட்டுக் காட்டினோம். பார்த்தவர்கள் எல்லாரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு நகர, எதிரிலிருந்த டீக்கடைக்காரர் மட்டும் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அஞ்சு நிமிஷம் பார்த்தார். "நெளியுதே, இதெல்லாம் உயிரோடயா இருக்குது?" என்றார். ஆமாம், காய்ச்சினால் செத்துவிடும் என்றேன். மனிதர் முகம் பளிச்சென்று ஆனது. அதன் பிறகு அவரை அங்கிருந்து கிளப்ப முடியவில்லை. போகிற வருகிறவர்களை அவரே கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினார். கல்யாண வீட்டு மாமா மாதிரி உபசாரம். அடடா, கடைசியில் ஒருவருக்காவது அறிவியல் ஆர்வம் வந்ததே என்று நான் பூரித்துப்போனேன். சாயங்காலம் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "அப்ப ஊருக்கு ஆரோக்கியம் குடுக்கறது டீக்கடைதான்னு மைக்ல ஒரே ஒரு தடவ சொல்லிடுங்கம்மா."

கறியில் இருக்கிற சத்து

நூறு கிராம் சோயாவில் எவ்வளவு புரதம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வெங்காயம் எப்போது வதங்கியது என்று மட்டும் எனக்குத் தெரியாது. இந்த ரகசியத்தை ஒரு வருஷம் காப்பாற்றிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ரஃபீக் பாயின் அக்கா நூர்ஜஹான் வீட்டு முற்றத்தில் அது உடைந்தது. பதினைந்து பெண்கள் உட்கார்ந்திருக்க, நான் சோயா உருண்டைக் குழம்பு வைத்தேன். "ஆட்டுக்கறியில இருக்கிற சத்து அத்தனையும் இதுல இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வைத்ததில் அடி பிடித்ததைக் கவனிக்கவில்லை.

நூர்ஜஹான் அக்கா ஒரு உருண்டையை வாயில் போட்டார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். பெண்கள் எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். பிறகு எழுந்தார், என் கையிலிருந்த கரண்டியை வாங்கினார், புதுச் சட்டியை ஏற்றினார். இஞ்சி, பூண்டு, பட்டை, கிராம்பு, கொஞ்சம் தேங்காய். அரை மணியில் தெருவே மணத்தது. நானே மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இருந்தாலும் என் பழைய சட்டியைக் கழுவ எடுத்துப்போகும்போது அக்கா கேட்காமல் விடவில்லை: "ஆட்டுக்கறி சத்துன்னு சொன்னீங்களே டீச்சர், அந்த ஆடு என்னா நோவுல செத்துச்சு?"

மலையடிவாரத்தில்

பத்து மாதம் ஓடிவிட்டது. அப்பாவிடமிருந்து இன்லேண்ட் லெட்டர் வந்தது. மாப்பிள்ளை வீட்டில் தேதி கேட்கிறார்களாம். ரிப்போர்ட் கட்டை எடுத்துப் புரட்டினேன். எல்லாப் பக்கத்திலும் "பொதுமக்கள் ஆர்வத்துடன் கலந்துகொண்டனர்". என்ன கற்றுக்கொண்டார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த ஊர், இந்த வேன், இவர்கள் வாய், இதையெல்லாம் விட்டுவிட்டுப் போக எனக்கு மனசே இல்லை. ரஃபீக் பாய் டீ வாங்கிவந்து கொடுத்து, "பெரிசா ஒண்ணு பண்ணிடலாம் டீச்சர்" என்றார்.

பெரிதாகச் செய்தது மரம் நடுவிழா. மலையடிவாரத்தில் நூறு குழி, நூறு கன்று, கல்லூரிப் பிள்ளைகள், ஷாமியானா. காடு ஏன் வேண்டும், மழை எப்படி வருகிறது என்று நான் முக்கால் மணி நேரம் பேசினேன். கூட்டத்துக்குப் பின்னால் மாரி என்கிற ஆட்டுக்காரர் கோலை ஊன்றிக்கொண்டு நின்றார். அவர் பின்னால் முப்பது ஆடுகள். யாரும் நகரவில்லை. என் வாழ்க்கையில் இவ்வளவு கவனமாக என் பேச்சைக் கேட்டவர் இல்லை. அதனால் உற்சாகமாகி இன்னும் கால் மணி நேரம் நீட்டினேன். மாரி மெல்ல முன்னால் வந்தார். கையெடுத்துக் கும்பிட்டு, ரொம்ப மரியாதையாகவே கேட்டார்: "இன்னும் எவ்ளோ நேரம் ஆவும்மா? செடிய நட்டுட்டுப் போயிட்டீங்கன்னா, பாவம், ஆடுங்க பசியோட நிக்குதுங்க."

விசாரணை

பேராசிரியர் வந்தார். மெலிந்த மனிதர், அதிகம் பேசமாட்டார், சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு. செங்கம் ரோட்டுப் பள்ளிக்கூட மைதானத்தில் எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தேன். சூரிய அடுப்பும் இருந்தது. அதிலிருந்து பத்தடி தள்ளி, வேப்பமரத்தில் ரஃபீக் பாய் சலூனிலிருந்து இரவல் வாங்கிய பெரிய கண்ணாடி ஒன்றை மாட்டியிருந்தார். பொட்டு, பின்னல், மீசை எல்லாம் அங்கே போய்விட்டன. ஒரு மணிக்குப் பெட்டியைத் திறந்தேன். சோறு மல்லிகைப் பூவாக வெந்திருந்தது. பக்கத்தில் நூர்ஜஹான் அக்காவின் சோயாக் குழம்பு. எதிரே டீக்கடைக்காரர், கூப்பிடாமலே வந்து மைக்ராஸ்கோப்பின் பொறுப்பை எடுத்துக்கொண்டிருந்தார்.

பேராசிரியர் சாப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு, "உங்க ரிப்போர்ட்ல எல்லா இடத்துலயும் ஒரே வரிதான் இருக்கு. நான் இவங்களையே கேட்டுக்கறேன்" என்றார். அவர் நேராகப் போய் நின்றது, இருக்கிறவர்களை எல்லாம் விட்டுவிட்டு, எல்லம்மா முன்னால். "இந்த ஒரு வருஷத்துல இவங்ககிட்ட என்ன கத்துக்கிட்டீங்க?"

எல்லம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாத்த கத்துக்கறது சார்? இந்தப் பொண்ணுக்கே ஒண்ணும் தெரியலியே."

வந்தவாசி அரிசி மில்லின் சத்தம் எனக்கு அங்கேயே கேட்டது. எல்லம்மா நிறுத்தவில்லை. அடுப்புப் புகை எதற்கு என்று தெரியாது, வாரம் ஒரு நாள் அடைக்கவேண்டும் என்று தான்தான் சொல்லிக்கொடுத்ததாகச் சொன்னார். நூர்ஜஹான் அக்கா எழுந்து, வெங்காயம் வதக்கத் தெரியாது, இப்போது பரவாயில்லை, வாரத்துக்கு இரண்டு நாள் வீட்டுக்கு வரவழைத்துப் பழக்கிக்கொண்டிருக்கிறேன் என்றார். மாரி கும்பிட்டுவிட்டு, கன்றைச் சுற்றி முள் வைக்கவேண்டும் என்பதுகூடத் தெரியாது, பாவம், தானே வேலிமுள் வெட்டிவந்து எழுபது கன்றைப் பிழைக்க வைத்திருப்பதாகச் சொன்னார். எனக்கே அது அப்போதுதான் தெரியும். பேராசிரியரின் பேனா நிற்கவே இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கடைசியில் அவர் நோட்டை மூடினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "அப்ப இந்த மையத்தை மூடிடலாமா?" என்று கேட்டார்.

எல்லம்மாவுக்கு வந்ததே கோபம். "மூடறதா? அரைகொறையா எப்படி சார் அனுப்பறது? இன்னும் ரெண்டு வருஷம் இங்கியே விடுங்க, நாங்க நல்லா கத்துக் குடுத்து அனுப்பறோம்."

பேராசிரியர் சிரித்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மையத்தை மூடவில்லை, மாப்பிள்ளை வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொண்டு சௌக்கியமாக இருக்கிறார், ரெண்டு வருஷம் என்று எல்லம்மா போட்ட கெடு ஏழு வருஷமாக நீண்டது.

ஊருக்குப் பாடம் சொல்லப் போய், ஊரிடமே டியூஷன் படித்து, அதற்கு மாதாமாதம் சம்பளமும் வாங்கிய ஒரே மாணவி திருவண்ணாமலையில் நானாகத்தான் இருப்பேன்.