முதல் தண்ணீர் கடைமடைக்கு

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்குத் தென்காசி ரயில் நிலையத்தில் இறங்கினேன். தோள்பையில் ஒரு நாவலின் தட்டச்சுப் பிரதியும் அருவியில் குளிப்பதற்கு ஒரு துண்டும் இருந்தன. சென்னையில் சின்னதாக ஒரு பதிப்பகம் நடத்துகிறேன். ஆற்றங்கரை வாழ்க்கை, விவசாயிகளின் பாடு என்று வரும் கதைகளைத்தான் அதிகம் போடுகிறேன். அவற்றில் பாதிக்கு மேல், கதாநாயகி நிலத்தைவிட்டுத் திருப்பூருக்குப் பஸ் ஏறுவதில் முடியும். அழுதுகொண்டே வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள், குறை சொல்வானேன்.

கையிலிருந்த நாவலை எழுதியவர் சண்முகத்தாய். பாவூர்சத்திரத்துக்கு வடக்கே, குற்றால அருவித் தண்ணீர் ஓடிவரும் சிற்றாற்றிலிருந்து பிரியும் ஒரு கால்வாயின் கடைசி மடையில் அவருக்கு இரண்டு ஏக்கர் நெல் வயல். ஊர்ப் பெயரைப் போடக்கூடாது என்பது அவர் கட்டளை. கதையில், மேலே இருக்கிறவர்கள் தண்ணீரை மறித்துவிட, கடைமடைக்காரியின் நாற்று கருகிப் போகிறது. அதோடு முடித்துவிடலாம் என்று நான் அந்தப் பக்கத்தின் அடியில் பென்சிலால் ‘முற்றும்’ என்றுகூட எழுதிவிட்டேன். அவரோ இன்னும் ஓர் அத்தியாயம் உண்டு என்கிறார், எழுதித் தரமாட்டேன் என்கிறார். நேரில் பேசிப் பார்ப்போம் என்று கிளம்பி வந்தேன். அதற்குமுன் குற்றாலத்தில் ஒரு குளியல் போடுவதில் என்ன தப்பு?

தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பத்து ரூபாய். இறங்கும்போதே சாரல் முகத்தில் அடித்தது. அருவிக்கரையில் போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டிருந்தார். அருவிக்கு முன்னால் கட்டியிருக்கும் ஆர்ச் வளைவையும் தாண்டித் தண்ணீர் விழுகிறது, யாரும் குளிக்கக்கூடாது. தலை முதல் கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்ற நூறு பேரோடு நானும் சேர்ந்து அருவியை முறைத்தேன்.

அங்கே நேந்திரங்காய் சிப்ஸ் கடை வைத்திருக்கும் மாடசாமி அண்ணாச்சி, சண்முகத்தாயின் பெரியப்பா மகன். பையை அவர் கடையில்தான் வைத்திருந்தேன். ஊரே முகத்தைத் தொங்கப் போட்டிருக்க, அவர் மட்டும் போனில் குதித்துக்கொண்டிருந்தார்.

“ஏட்டி சண்முகத்தா, தண்ணி ஆர்ச்சத் தாண்டிட்டு! மம்பட்டிய எடுத்து வையி!” என்றவர், என் பக்கம் திரும்பினார். “ஒங்களுக்குக் குளியல்தான சார் போச்சு? அங்கன நாத்து இன்னைக்கோ நாளைக்கோன்னு கெடக்கு.”

எனக்கு எரிச்சல்தான் வந்தது.

பன்னிரண்டு மணிக்கு, தென்காசிக்குக் கிழக்கே பன்னிரண்டு கிலோமீட்டர் போய்ப் பாவூர்சத்திரத்தில் இறங்கினேன். சண்முகத்தாய் வெண்டைக்காயை மார்க்கெட்டில் போட்டுவிட்டு ஸ்கூட்டரோடு காத்திருந்தார். நேராக வயலுக்குக் கூட்டிப் போனார். கிணற்றுத் தண்ணீரில் பிழைத்துக்கொண்டு ஒரு மூலையில் நாற்றங்கால் பச்சைப் பசேல் என்று இருந்தது. நட வேண்டிய வயல் வெடித்துக் கிடந்தது. கிணற்றில் மோட்டார் காற்றை இழுக்கத் தொடங்கிவிட்டதாம். இந்த வாரம் நடாவிட்டால் நாற்று முற்றிவிடும்.

“இங்கன ஒரு வழக்கம் உண்டு சார்,” என்றார். “மொதத் தண்ணி கடைமடைக்கு. வழியில ஒருத்தரும் மறிக்கக்கூடாது. இங்க வந்து தேங்கா ஒடைச்ச பொறவுதான் மேல உள்ளவங்க மடையத் தொறப்பாங்க. போன வருசம் மறிச்சிட்டாங்க. அதத்தான் கதையா எழுதுனேன்.”

“இந்த வருஷம்?”

“கோயில்ல வச்சுப் பேசியிருக்கு. மறிக்க மாட்டோம்னு சொல்லியிருக்காங்க. அவங்க வயலும் காஞ்சுதான் கெடக்கு, பாவம். தண்ணி வந்தா ஒரு முடிவு, வராட்டா ஒரு முடிவு. பாக்காம நான் என்னத்த எழுத?”

“வராவிட்டால் என் முடிவுதானே?” என்று கேட்டுவிட்டேன். அவர் ஸ்கூட்டரைக் கிளப்பப் போய்விட்டார். நாக்கைக் கடித்துக்கொண்டு தென்காசி லாட்ஜுக்குத் திரும்பினேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மறுபடி வயலுக்குப் போனேன். வாய்க்கால் காய்ந்தே கிடந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன், அப்படியேதான் இருந்தது. அருவியில் வெள்ளம் விழத் தொடங்கி ஒரு நாளாகிவிட்டது. எங்கேயோ மறித்துவிட்டார்கள் என்றே முடிவு கட்டினேன். சண்முகத்தாய் மடையருகே தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எத்தனையோ சோகக் கதைகளைத் தயங்காமல் அச்சுக்கு அனுப்பிய எனக்கு, அந்த முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

மூன்று மணிக்கு மேல் வாய்க்கால் வளைவில் ஆள்சத்தம் கேட்டது. நான்கு பேர் மம்பட்டியும் கையுமாகச் சருகையும் பிளாஸ்டிக் பையையும் வாரி வெளியே எறிந்தபடி நடந்து வந்தார்கள். அவர்கள் காலடியில் நுரைத்துக்கொண்டு செந்தண்ணீர் வந்தது. நால்வரும் மேல்மடைக்காரர்கள்.

“தாயி, ஒந் தண்ணியக் கொண்டாந்து ஒப்படைச்சாச்சு. தேங்காய எடு!” என்றார் மூத்தவர்.

“ஒங்க வயலு அண்ணாச்சி?”

“ஒனக்கு நெறையட்டும். பொறவு பாத்துக்கிடலாம். போன வருசம் பண்ணுனது போதும்.”

சண்முகத்தாய் தேங்காயை உடைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே அழுதார். வெடிப்புகளில் தண்ணீர் இறங்கிக் குமிழி விடுவதை எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். “அங்கன குளிக்க விடலன்னு மொகத்தத் தூக்கி வச்சிருந்தியளாமே, அண்ணன் சொன்னான். அந்தத் தண்ணிதான் சார் இது. எறங்குங்க.”

கலங்கல் தண்ணீர்தான். துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கி, நாலு சொம்பு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டேன்.

“அத்தியாயம்?” என்றேன், தலையைத் துவட்டிக்கொண்டே.

“நடவு முடியட்டும். எழுதித் தாரேன்.”

ஆறு மணி ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சென்னையில் என் அடுக்குமாடிக்கு லாரித் தண்ணீர் வரும். மேல்மாடி ஆள் முதலில் பிடித்துவிடுவார், கீழ்வீட்டுக்காரருக்கு மிச்சம் உண்டா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஈரத் துண்டை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டுப் பிரதியின் கடைசிப் பக்கத்தை எடுத்தேன். பையில் ரப்பரைத் தேடிப் பிடித்து, ‘முற்றும்’ என்பதை அழித்தேன்.