நேசக்குமார் வரைந்த பச்சை

நாசரேத் ஊர்ப் பள்ளியில் முப்பத்தோரு வருடம் ஓவிய ஆசிரியராக இருந்தவர் நேசக்குமார். பூசணிக்காய், கலங்கரை விளக்கம், தலைவர்கள் முகம் என்று பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் போட்டுக் கொடுத்தே காலம் ஓடிவிட்டது. மனைவி ரோஸ் இறந்த பிறகு ஊரில் இருக்கப் பிடிக்காமல் தூத்துக்குடி மில்லர்புரத்தில் வாடகைக்கு வீடு பிடித்தார். அங்கே வந்துதான் தனக்கென்று ஒரு படம் வரைந்தார். ஆறடி உயரம், நாலடி அகலம். முழுக்கப் பச்சை. கீழே போகப் போகக் கறுத்துக்கொண்டே போகும். மேல் விளிம்பில் மட்டும் கொஞ்சம் வெளுத்திருக்கும். மனிதர் இல்லை, மரம் இல்லை, ஒரு கோடுகூட இல்லை. நான்கு மாதம் அதிலேயே கழிந்தது.

கடற்கரைச் சாலை மண்டபத்தில் நடந்த ஓவியக் கண்காட்சிக்கு அதைக் கொண்டுபோனார். முதல் நாள் வந்த பழைய சக ஆசிரியர் பெனிஸ்டன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"சார், பேக்ரவுண்டு நல்லா வந்திருக்கு. படத்த எப்பப் போடப்போறீய?"

"இதுதான் படம்."

"அர்த்தம்னு ஒண்ணு வேணும்லா?"

நேசக்குமார் சிரித்துச் சமாளித்தார். மறுநாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து, படத்தைத் தாண்டிப் போகிறவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிலர் அதன் முன்னால் நின்று செல்பி எடுத்தார்கள். பின்னணிக்கு நல்ல நிறமாம்.

கடைசி நாளான மூன்றாம் நாள் மத்தியானம் ரோச் என்று ஒருவர் வந்தார். கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவர். கண்காட்சியோடு நடந்த சிறுவர் போட்டியில் மகள் வரைந்த மயில் படத்தை வாங்கிப்போக வந்தவர், பச்சைக்கு முன்னால் நின்றுவிட்டார். கால் மணி நேரம் நகரவில்லை.

"சார், நீங்க எங்கன முங்குனீய?"

"எனக்கு நீச்சலே தெரியாதுய்யா."

"பத்துப் பாகம், அறுபதடி ஆழத்துல இப்படித்தான் இருக்கும். ஏறி வாரப்ப, அந்தா தெரியுதுல்லா வெளுப்பு, அதப் பாத்துத்தான் வருவோம். மூச்சு முட்டும். ஆனா அது தெரிஞ்சா பயம் போயிரும்."

நேசக்குமார் நாற்காலியை விட்டு எழுந்து அவர் பக்கத்தில் வந்து நின்றார். ஆஸ்பத்திரியில் ரோஸ் படுத்திருந்த தீவிர சிகிச்சை அறையின் வாசலில் ஒரு பச்சைத் திரை தொங்கியது. உள்ளே விட மாட்டார்கள். பதினோரு நாள் அதையே பார்த்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தார். மேலே தெரிந்த வெளுப்பு, உள்ளே எரிந்த விளக்கு. கனடாவில் இருக்கும் மகள் ஜெமியிடம்கூடச் சொல்லாததை, முன்பின் தெரியாத அந்த மனிதரிடம் சொன்னார்.

ரோச் திரும்பவும் படத்தைப் பார்த்தார். "அப்பொ நான் சொன்னது தப்பு சார்."

"தப்பில்ல. அவளுக்கு உள்ள இருந்து எப்படித் தெரிஞ்சுதோ. நான் வெளியதான இருந்தேன்."

பிறகு, "இத நீங்களே வச்சுக்கிடுங்க" என்றார் நேசக்குமார்.

ரோச் கூச்சத்தோடு தலையை ஆட்டினார். "வேண்டாம் சார். தினமும் அதுக்குள்ளதான் கெடக்கேன். வீட்டுக்கு வந்தாலாவது வேற எதையாச்சும் பாக்கணும்லா." மயிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார்.

சாயங்காலம் லோடு ஆட்டோவில் படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினார் நேசக்குமார். இத்தனை நாளும் உட்கார்ந்தே பார்த்தவர், அன்று கட்டிலில் மல்லாந்து படுத்துப் பார்த்தார். ரோஸ் படுத்திருந்த மாதிரி. வெகுநேரம் பார்த்தும் அவருக்கு அது வெளியே இருந்து பார்த்த அந்தத் திரையாகத்தான் தெரிந்தது.