கிழக்கு மாடியைப் பார்த்த கேமரா

பல வீடுகள் சேர்ந்த எங்கள் வளவில் மாடி வீட்டுக்கு உச்சிமாகாளி குடிவந்ததே அந்த மொட்டை மாடிக்காகத்தான். தெருவிளக்கு வெளிச்சம் படாத மாடி அது ஒன்றுதான். மேல ரதவீதியில் சின்ன போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். முப்பத்தைந்து வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. அதுவே ஊருக்குப் பாதி சந்தேகத்தைக் கொடுத்தது.

1983 கார்த்திகையில் மீதிப் பாதியும் வந்தது. இருட்டியதும் மாடியில் கேமராவோடு நிற்பார். இரண்டு பலகையைக் கீல் போட்டுச் சேர்த்து, அதன்மேல் கேமரா. கீழே ஒரு திருகு. நட்சத்திரம் நகர நகர கேமராவும் நகர வேண்டுமாம். திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவார். கிழக்கே வரிசையாக எழும் மூன்று நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில் நெபுலா இருக்கிறது, ஒளிரும் வாயுக் கூட்டம், அதைப் படம் எடுக்கிறேன் என்றார்.

கிழக்கே இருந்தது வீட்டுக்காரர் தங்கப்பழம் அண்ணாச்சியின் மாடி. அவர் மகள் ஞானபூரணம் அங்கே காற்று வாங்க வருவாள். அவளுக்குச் சிவகிரியில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் படம் மாப்பிள்ளை வீட்டில் இருக்கலாம். வேறு கையிலும் ஒன்று இருப்பதாகப் பேச்சு எழுந்தால் போதும், சம்பந்தம் முறிந்துவிடும்.

அந்தப் பலகையையும் திருகையும் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் அப்படியே வரைந்திருந்தார்கள். நான் அதைப் படித்திருந்ததால், அவர் சொல்வது நிஜம்தான் என்று அம்மாவிடம் சொன்னேன்.

“படிச்ச புள்ளையவும் மயக்கிட்டானா?” என்றாள். அன்றோடு நான் அவர் மாடிக்கு வேடிக்கை பார்க்கப் போவது நின்றது.

வானம் முழுக்க மேகம் மூடிய ஒரு சாயங்காலம் அண்ணாச்சி மேலே ஏறினார். வளவுக்காரர்கள் நாங்கள் படிக்கட்டில் நின்றோம்.

“ஒரு நட்சத்திரம் இல்ல. இப்போ எதை எடுக்கீரு?”

“மேகம் விலகுதான்னு பாத்துக்கிட்டு இருக்கேன் அண்ணாச்சி.”

“கேமரா ஏன் எங்க மாடியப் பாக்குது?”

“அது அங்கனதான் உதிக்கும். மாசியில இதே நேரம் உச்சிக்கு வந்துரும். அப்போ நிமித்தி வச்சிருவேன்.”

“மாசி வரைக்கும் எம் மகளப் பாக்கவா, வே?”

கேமராவைப் பிடுங்கினார். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்க்கப் பின்மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். மறுநாள் கழுவியபோது முழுச் சுருளும் கருப்பு. வெளிச்சம் பட்டால் ஃபிலிம் அப்படித்தான் ஆகும் என்பதை அவர் ஏற்கவில்லை.

“மாட்டிக்கிடுவோம்னு அழிச்சிட்டீரு. தை பொறந்ததும் வீட்டைக் காலி பண்ணும்.”

“மாசி வரைக்கும் விடுங்க அண்ணாச்சி. நீங்களே பக்கத்துல உக்காருங்க, கழுவும்போதும் நில்லுங்க. படத்துல ஆள் தெரிஞ்சா அன்னைக்கே போயிருதேன்.”

அண்ணாச்சி ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிவந்து, கேமராவுக்கும் தன் மாடிக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தார். பெரும்பாலும் மேகம். அபூர்வமாக நட்சத்திரம் தெரிந்தால் அண்ணாச்சியின் தலை மறைத்தது.

மாசியில் ஒருநாள் வானம் திறந்தது. கேமரா உச்சியைப் பார்த்து நிமிர்ந்தது.

“ஆடாதீங்க அண்ணாச்சி.”

“நான் ஆடல. நீரு திருகும்.”

இருட்டறையிலும் விடாமல் கூடவே நின்றார். படம் வந்தது. நிறையப் புள்ளிகள், நடுவில் நகத்தளவுக்குப் புகை மாதிரி ஒன்று.

“மேகம்லா வே இது! மேகம் விலகணும்னு என்னைய உக்காரவச்சு, மேகத்தையே எடுத்திருக்கீரு!”

வெளியே கொண்டுவந்து பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார். ஆள் இல்லை. காலி பண்ணச் சொன்ன பேச்சை அதன்பிறகு எடுக்கவில்லை.

ஞானபூரணத்தின் கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் புளியங்குடியிலிருந்து ஆள் வரவழைத்தார். அடுத்த கார்த்திகைக்குள் தன் மாடியில் ஆள் உயரத்துக்கு ஓலைத் தட்டியும் கட்டிவிட்டார். கிழக்கு மறைந்துபோனது. உச்சிமாகாளி இப்போது மாசிக்காகக் காத்திருக்கிறார். கேமராவுக்குப் பக்கத்தில் போட்ட மடக்கு நாற்காலியை அண்ணாச்சி இன்னும் கீழே இறக்கவில்லை.