மாவுக்கட்டுக்கு எண்ணெய்

ஊறிய ஈரத் துணியைப் பிரித்து எடுத்துவிட்டு, விரல் கணுவால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தான். சத்தம் மட்டுப்பட்டிருந்தது. சரியான பதம். சீசாவைச் சாய்த்து உள்ளங்கையில் எண்ணெய் விட்டுக்கொண்டு, ஓரத்திலிருந்து நடுவுக்குச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க ஆரம்பித்தான். அழுத்தக் கூடாது. அவசரப்படவும் கூடாது. அதுவாகக் குடிக்க வேண்டும்.

"அப்பா, இது எந்த ஆட்டோட தோலு?" என்றாள் காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் படுத்திருந்த சைரா.

"ஆடு இல்லடி. மாவு."

"மாவுக்கு எதுக்கு எண்ண?"

"காஞ்சா வெடிச்சிடும். ஆடாம படு."

சர்தார் பாஷா ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் எண்ணெய் போடுகிறவன். மீசை அரும்பும் முன்பே அந்த வேலைக்குப் போனவன். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் கிடந்து வெளியே வரும் தோலை ஈரம் வற்றுவதற்குள் எண்ணெய்க்குக் காட்ட வேண்டும். எண்ணெய் படாமல் காய்ந்த தோல் பலகை மாதிரி விறைத்துவிடும், மடித்தால் வெடிக்கும். அவன் கை பட்ட தோல் வெடித்ததாக யாரும் சொன்னதில்லை. வேறு பெருமை எதுவும் அவனுக்குக் கிடையாது. தேவைப்படவும் இல்லை.

மகள் காலை ஒடித்துக்கொண்டதும் அந்த டேனரியில்தான். அப்பாவுக்குச் சோறு கொண்டுவந்தவள், பட்டை மூட்டைகளின் மேல் ஏறினாள். இறங்கத் தெரியவில்லை. குதித்தாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு போய்விட்டது. தோல் விரிக்கிற பலகையிலேயே அவளைப் படுக்கவைத்து ரயிலேற்றி, காட்பாடியில் இறக்கி, ஜட்கா வண்டி பிடித்து வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தான்.

கூட வந்திருக்க வேண்டியவள் அவன் மனைவி முனவ்வர் பேகம். அவள் பிள்ளை பெற்று வீட்டில் இருந்தாள். நாற்பது நாள் கழியாமல் வாசல்படி தாண்டக் கூடாது. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"கால் கோணாம கூட்டினு வாங்க. பொட்டப் புள்ள."

குழந்தைகள் வார்டில் ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்தில் ஒரு தாய் உட்கார்ந்திருந்தாள். சைராவின் கட்டிலுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு மீசை. பகலில் இருக்கலாம், விளக்கு வைத்ததும் கேட்டுக்கு வெளியே போய்விட வேண்டும் என்று டாக்டரம்மாள் சொல்லியிருந்தாள். அதுவே பெரிய சலுகை. வார்டுக்கு அது பிடிக்கவில்லை. அடுத்த கட்டிலில் கை ஒடிந்த மகளோடு இருந்த அணைக்கட்டு ஊர்க்காரி அமிர்தவள்ளி முதல் நாளே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னா பாய், ஊர்ல இருக்கிற ஆட்டையெல்லாம் கூடவே கூட்டினு வந்துட்டீங்களா?"

"கையை நாலு தரம் கழுவிட்டேம்மா. போவ மாட்டேங்குது."

"அப்ப எங்கள மூக்கைக் கழட்டி வைக்கச் சொல்றீங்க."

அவன் சிரித்தான். அதன்பின் அவள் சும்மா இருக்கவில்லை. அவன் சைராவுக்குப் பின்னிய சடை வைக்கோல்பிரி மாதிரி இருக்கிறது என்றாள். மறுநாள் அதை அவிழ்த்துவிட்டு, எப்படிப் பின்னுவது என்று தன் மகள் தலையில் பின்னிக் காட்டினாள். அவன் ஊரிலிருந்து கொண்டுவந்த எண்ணெய் சீசா சைராவின் தலைக்கானதுதான்.

இன்று காலையில் கணுக்கால் பக்கம் கட்டின் ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரிந்தது. விரலால் தடவினான். பொடி உதிர்ந்தது. கட்டு முழுக்க விறைத்து, வறண்டு, வெயிலில் மறந்துபோன தோல் மாதிரி இருந்தது. படித்தவர்கள்தான், ஆனால் எண்ணெய் போட மறந்துவிட்டார்கள் என்று அவனுக்குத் தோன்றியது. மனிதருக்கு மறதி சகஜம். இதற்காக அவர்களைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்வானேன்? நர்ஸ் சவுரியம்மாள் சாப்பிடப் போன நேரமாகப் பார்த்துத் துண்டை நனைத்துச் சுற்றினான். அது ஊறும்வரை கதை சொன்னான். அமிர்தவள்ளியின் மகளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எண்ணெய் நன்றாக இறங்கியது. கட்டு மினுமினுத்தது. சீசாவை மூடி, சம்மணம் போட்டு உட்கார்ந்து, கொஞ்சம் பின்னால் சாய்ந்து தன் வேலையை ஒரு தரம் பார்த்தான். நிறைவாக இருந்தது.

"அப்பா, இங்க பாரு. என் கால் ஆடுது."

சைரா சந்தோஷமாகச் சொன்னாள். அவன் பார்த்தான். கட்டுக்குள் இருந்த பாதம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைந்துகொண்டிருந்தது. கணுக்காலில் விரல் வைத்தான். மாவு உள்ளே அமுங்கியது.

தோல் என்றால் இந்தப் பதம்தான் வேண்டும். இது தோல் இல்லை.

"ஆட்டாத!" என்று கத்தினான். அவள் முகம் சுருங்கியது. அவன் அவள் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எழுந்திருக்க முடியாமல், வாசலைப் பார்த்துக் கூப்பிட்டான். "அம்மா! நர்ஸம்மா! நான் கெடுத்துட்டேன், வாங்க!"

சவுரியம்மாள் எச்சில் கையோடு ஓடி வந்தாள். கட்டைத் தொட்டாள். விரலை முகர்ந்து பார்த்தாள்.

"எண்ணயா?"

"ஆமாம்மா. வெடிச்சிடும்னு..."

"அட படுபாவி மனுசா! இது கால்யா! ஊறுகா இல்ல!"

டாக்டரம்மாள் வந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. "கட்டைப் பிரிக்கணும். எலும்பு நகர்ந்திருந்தா முதல்லேர்ந்து இழுத்து வைக்கணும். இவர வெளிய அனுப்புங்க. இனிமே வார்டுக்குள்ள விடாதீங்க."

அவன் பாதத்தை விடவில்லை. விட்டால் இன்னும் நகர்ந்துவிடுமோ என்ற பயம். முனவ்வர் சொன்ன ஒரே சொல் காதில் கிடந்தது.

"டாக்டரம்மா," என்றாள் அமிர்தவள்ளி. "செஞ்சது தப்புதான். ஆனா இவர வெளிய தள்ளிட்டா அந்தப் புள்ளைக்கு யாரு இருக்கா? தாய்க்காரி படி தாண்ட முடியாது. நான் பாத்துக்குவேன்னு சொல்ல எனக்கு ரெண்டு கைதான். என் பொண்ணு வேற இவர் கத சொன்னாத்தான் கஞ்சி குடிக்குது."

"நாத்தம் அடிக்குதுன்னு சொன்னது நீங்கதானே?" என்றாள் டாக்டரம்மாள்.

"அடிக்குதுதான். பழகிடுச்சு."

சவுரியம்மாள் பாதத்தைத் தன் கைக்கு வாங்கிக்கொள்ள, சைராவைக் கட்டுப் போடும் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவன் வராந்தாவில் நின்றான். கதவுக்கு உள்ளே அவள் போட்ட கூச்சல் தோட்டம்வரை கேட்டது. கொஞ்ச நேரத்தில் சவுரியம்மாள் தலையை நீட்டினாள்.

"பாய், உள்ள வாங்க. உங்க பொண்ணு ரெண்டு பேர உதைச்சிட்டா. கட்டு போட விட மாட்டேங்குறா. தலமாட்டுல நில்லுங்க. எதையும் தொடாதீங்க."

அவன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தலைமாட்டில் நின்றான். டாக்டரம்மாள் கண்ணை மூடிக்கொண்டு எலும்பு நெடுக விரலால் தடவிக்கொண்டே போனாள். ஒரு இடத்தில் நின்றாள். திரும்பவும் தடவினாள்.

"நகரல," என்றாள். "உடனே புடிச்சுக்கிட்டதால தப்பிச்சீங்க."

அவன் தலையைக் குனிந்து சைராவின் காதில் பேசினான். "சைரா, நீ இப்ப தொட்டித் தண்ணில ஊறுற தோலு. தோலு அசையுமா?"

"அசையாது."

"பேசுமா?"

அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். கட்டுப் போட்டு முடியும்வரை திறக்கவில்லை. சவுரியம்மாள்தான் ஒரு தரம் முகத்தைத் திருப்பிச் சிரித்தாள்.

வெளியே வரும்போது டாக்டரம்மாள் கையை நீட்டினாள். அவன் மடியில் செருகியிருந்த எண்ணெய் சீசாவை எடுத்துக் கொடுத்தான். அதை அவள் சவுரியம்மாளிடம் கொடுத்தாள்.

"பகல்ல இருக்கலாம். எண்ண இவங்ககிட்ட இருக்கும்."

மறுநாள் காலையில் கேட்டைத் திறந்ததும் சர்தார் பாஷா உள்ளே வந்தான். கட்டு காய்ந்திருந்தது. தட்டிப் பார்க்கவில்லை. சவுரியம்மாள் அவன் உள்ளங்கையில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிவிட்டு, அவன் அதைச் சைராவின் தலையில் தேய்த்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். அவன் சடை பின்னினான். ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் இருந்தது. ஆம்பூர் போகிற ஒருவரிடம் கால் நேராக இருக்கிறது என்று முனவ்வருக்குச் சொல்லி அனுப்பினான். பதினொரு மணிக்குக் கஞ்சி வந்தது. சைரா குடித்தாள். அமிர்தவள்ளியின் மகளும் குடித்தாள். மத்தியானம் மழை தூறியது. விளக்கு வைத்ததும் அவன் கேட்டுக்கு வெளியே போனான்.