ஆறரை அங்குலக் கட்டம்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே இருந்த பழைய துரை பங்களா இப்போது ஹோட்டல். கட்டில்களில் விரிக்க ஒட்டுத்துணிப் போர்வை வேண்டும், மாதிரிக்குச் சின்னதாக ஒன்று தைத்துக் கொண்டு வாருங்கள் என்று அங்குள்ள மேனேஜர் சொல்லியனுப்பினார். பிடித்தால் எல்லா அறைகளுக்கும் எங்களிடம்தான். எங்களிடம் என்றால் நானும் என் நாத்தனாரும். வேலை கிடைத்தால் இரண்டு பேரும் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போக வேண்டியதில்லை. லயத்து வீட்டில் மெஷின் போட்டு ஸ்கூல் கவுன் மட்டும் தைத்துப் பிழைக்க முடியாது.

காகிதத்தில் நட்சத்திரக் கோடுகளை அச்சடித்து, பின்பக்கம் துணித் துண்டுகளை வைத்து, கோட்டின் மேலேயே தைக்கிற வேலை இது. வெளிக்கோட்டில் வெட்டினால் கட்டம் ஆறரை அங்குலம். சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும், இணைத்த பிறகு ஆறு நிற்க வேண்டும். ரொம்பச் சுலபம் என்று போனில் வீடியோ போட்ட பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கென்ன, அவள் ஹட்டன் டவுன் கடையில் அச்செடுக்கவில்லை.

ஹட்டனில் எடுத்து வந்த காகிதத்தில் அடிமட்டம் வைத்துப் பார்த்தால் ஆறேகால்கூட இல்லை. மறுபடி பஸ் ஏறினேன்.

"பேப்பருக்குள்ள அடங்கணும்ல, மெஷினே கொஞ்சம் சுருக்கிக்கும்," என்றார் கடைக்காரர். "கொஞ்சந்தானே?"

"ஒங்க சட்டையக் கொஞ்சம் சுருக்கித் தச்சுத் தந்தா போடுவீங்களா? நூத்துக்கு நூறு வச்சு அடிங்க."

அடித்தார். சரியாக வந்தது. ஒரு பட்டனை அமுக்க எனக்கு இரண்டு பயணம்.

அடுத்த தொல்லை வீட்டுக்குள்ளேயே. பாதிக் கட்டங்களை நான் தைத்தேன், பாதியை நாத்தனார். இணைத்தால் போர்வை நடுவில் புடைக்கிறது. நட்சத்திர முனைகள் ஒன்றையொன்று பார்க்கக்கூட இல்லை. இணைக்காமல் மிஞ்சியிருந்த அவளுடைய கட்டங்களை அளந்தேன். ஒன்று ஆறே முக்கால், ஒன்று ஏழு. வெளிக்கோட்டைத் தாண்டி இஷ்டத்துக்குக் கொஞ்சம் துணி விட்டு வெட்டியிருந்தாள்.

"எதுக்குடி இது?"

"பின்னாடி பிரிச்சுப் பெருசாக்கலாம்ல அண்ணி."

"ஏன், இந்தப் போர்வ அடுத்த வருசம் ஸ்கூல்ல ஒம்பதாம் ஆண்டுக்குப் போகப் போகுதா?"

எங்கள் தோட்டத்தில் யாரும் பிள்ளைகளுக்கு அளவாக உடுப்புத் தைப்பதில்லை. பிள்ளை வளரும், புதுத் துணி வராது. அதனால் உள்ளே துணியை மடித்து வைப்போம். அந்தப் பழக்கத்தை இவள் நட்சத்திரத்திலும் காட்டிவிட்டாள்.

கோணல் போர்வையைத் தூக்கிப் போட்டுவிட்டு, முதலிலிருந்து இன்னொன்று தைத்தேன். கத்தரிக்கோலை அவள் கையில் கொடுக்கவே இல்லை. எல்லா முனையும் சேர்ந்தது.

கொண்டுபோன அன்று தூறல். நல்லது நனையாமலிருக்கக் கோணலை அதன்மேல் சுற்றிக்கொண்டோம். மேனேஜர் கந்தப்பளைப் பக்கத்து ஆள், எங்கள் சனம்தான். கோட்டுப் போட்டிருந்தார். நல்லதை விரித்துப் பார்த்தார்.

"கடையில வாங்குன மாதிரி இருக்கேக்கா," என்று முகத்தைச் சுளித்தார். பிறகு கோணலைக் கையில் எடுத்தார். "இது! தோட்டத்துப் பொம்பளைங்க கையால செஞ்சதுன்னு பாத்தாலே தெரியுது. வெள்ளக்காரங்களுக்கு இப்பிடித்தான் வேணும். எல்லாத்தையும் இதே மாதிரி தச்சுத் தாங்க."

"நான் வெட்டுனதுங்க," என்று நாத்தனார் பல்லைக் காட்டினாள்.

"எங்களுக்கு நேராத் தைக்கத் தெரியும்," என்றேன்.

"தெரியட்டும்க்கா. அது வேணாம்."

"அப்ப ஒங்க கோட்டுல ஒரு கைய மட்டும் குட்டையாக்கித் தாறேன். கையால செஞ்சதுன்னு பாத்தாலே தெரியும்."

அவர் சிரிப்பு நின்றது. இரண்டு போர்வையையும் சுருட்டிக்கொண்டு இறங்கினேன்.

"நாலு போர்வ கோணையாத் தச்சா ஒங்களுக்கு என்ன கொறஞ்சு போகுது?" என்று நாத்தனார் வழியெல்லாம் கேட்டாள்.

மறுநாள் இரண்டு பேரும் மலைக்குப் போனோம். அங்கே சொன்ன கணக்கில் கொழுந்து ஒரு கிலோ குறைந்தாலும் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம். கையால் பறித்தது, முன்னப்பின்ன இருந்தால்தான் அழகு என்று தராசுக்குப் பக்கத்தில் நின்று மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயாவிடம் யாராவது போய்ச் சொல்லிப் பாருங்கள்.